லேபிள் கிழித்த டின்

நவம்பர் 6, 1961

காலையிலிருந்து தூறல். ஜிம்மிக்கு விலா எலும்பு தெரிகிறது. இறைச்சி கொடுத்தால்தான் தேறுமாம், மாட்டு டாக்டர் சொல்கிறார். எங்கள் வீட்டுக்குள் முட்டையே நுழைந்ததில்லை. போதாக்குறைக்குக் கீரனூரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். முட்டை உடைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "நம்மூட்டு நாய்க்கும் சைவந்தானுங்க" என்கிறாள் கமலம்.

ஆகவே நாய் பிஸ்கட். கடைவீதியில் இரண்டு தினுசு. உதிரி, உள்ளூர். டின், மெட்ராஸ் சரக்கு, கொள்ளை விலை. "அம்புட்டும் நயம். கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார் கடைக்காரர். கண்ணை மூடச் சொன்னதுமே எனக்குச் சந்தேகம். இரண்டையும் வாங்கி வந்தேன்.

நவ. 7

சோதனை. உதிரி: தண்ணீரில் போட்டதும் கரைந்துவிட்டது. மேலே தவிடு, அடியில் மண். எண்ணெய்ச் சிக்கு வாடை. ஜிம்மி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

டின்: கெட்டி. ஊறவே நேரமாயிற்று. மண் இல்லை. லேபிளில் இங்கிலீஷில் கோதுமை மாவு, உலர்ந்த இறைச்சி, எலும்புத் தூள், உப்பு. எவ்வளவு நிஜமோ. ஆனால் ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு தின்றது.

கமலத்திடம் வெறும் கோதுமை என்று சொல்லியாயிற்று. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். லேபிளை நாய்ப் படத்தோடு சுரண்டி அடுப்பில் போட்டேன். டின், அடுக்களை அலமாரியில், காப்பித்தூள் பக்கத்தில். எறும்பு வராத இடம் அதுதான்.

நவ. 11

வெயில். டின் பாதிக்குக் கீழே போய்விட்டது. ஜிம்மி அதே எலும்புக்கூடு. நான் வைப்பது காலையில் இரண்டே இரண்டு. எங்கேயோ உதைக்கிறது.

பாத்திரம் தேய்க்கும் மூக்கம்மாள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. கேட்டேவிட்டேன்.

"எங்க நாய்க்கு கொழம்பு வெஞ்சனத்தோட சோறு போடுறேன். உங்க பிஸ்கோத்து யாருக்கு வேணும்?"

விளக்குமாற்றை எறிந்துவிட்டுப் போனாள். இவ்வளவு கோபம் எதற்கு?

நவ. 12

காப்பித்தூளை வெளியே எடுத்து வைத்துவிட்டு அலமாரிக்குப் பூட்டு. பூட்டுக்குப் பேர்போன நம் ஊர்ச் சரக்கு, கள்ளச்சாவி சேராது. சாவி என் அரைஞாண் கயிற்றில். கமலம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். மூக்கம்மாள் வரவில்லை.

நவ. 13

மூட்டம். டம்ளரும் கையுமாக மாமனார் வந்து நின்றார்.

"ஏனுங்க மாப்ளே, அலமாரிய எதுக்குங்க பூட்டிப் போட்டீங்க? காப்பில தோச்சுத் திங்க அந்த வர்க்கி இல்லாம நேத்து நாக்கே செத்துப் போச்சுங்க."

எந்த வர்க்கி என்றேன்.

"பேரில்லாத டின்னுல இருக்குதுங்களே, அதுதானுங்க. என்ன ருசிங்க! முட்டி வலிகூட இப்பத் தேவலைங்க."

எலும்புத் தூள். மூக்கம்மாளை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

கமலம் என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாய்க்கு வாங்குனதுன்னு அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. வெறுங் கோதுமைதானுங்களே, குடுங்க."

வாசலில் ஜிம்மி, என்னையே பார்த்துக்கொண்டு.

சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன்.