மலைமேல் ராவணன் மீசை

17-2-1984

எஸ்டேட் நர்சரியில் காபி நாற்றுக்குப் பை நிரப்பிக்கொண்டிருந்தோம். மதியம் ஜீப்பில் மூன்று சாக்கு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் முள் பந்துகள், ஒவ்வொன்றும் குழந்தை தலை அளவு.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சின்னசாமி சொன்னார்: "இது ராவணன் மீசை, கமலாம்மா. முதலாளிக்குக் கடலோரத்துல தென்னந்தோப்பு இருக்குதில்லீங்க, அங்க மணலைப் பறக்க விடாம கட்டிப் போடுற புல்லு. விதை எடுத்து முளைக்க வெச்சு, லைனுக்குப் பின்னால சரிவுல நடச் சொல்றாருங்க."

போன ஐப்பசியில் அந்தச் சரிவு பெயர்ந்து விழுந்துதான் லைனில், கூலிக்காரர்கள் எங்கள் வீட்டு வரிசையில், கடைசி வீடு மண்ணுக்குள் போனது. அம்மாசி மாமா வெளியே இருந்தார். அவர் பெண்டாட்டி காவேரி அக்கா உள்ளே இருந்தாள். மிச்சம் எட்டு வீடு, அதில் ஒன்று என்னுடையது. அன்றிலிருந்து நாங்கள் கேட்பது ஒன்றுதான் - லைனை மேட்டுச் சமதரைக்கு மாற்றுங்கள் என்று. அங்கே காபி நிற்கிறது. முதலாளிக்குக் காபியைப் பிடுங்க மனசு வரவில்லை. அதனால் எங்களுக்குப் புல் வருகிறது!

18-2-1984

கடல் எங்கே, ஏற்காடு எங்கே. இதை அந்த மனுஷனுக்கு யார் எடுத்துச் சொல்வது?

2-3-1984

முள் பந்தைப் பிய்த்தால் ஒவ்வொரு குச்சியின் அடியிலும் ஓர் உறை. பாதிக்கு மேல் வெறும் பதர். நானும் லூர்துசெல்வியும் உட்கார்ந்து பிரிக்கிறோம். அவள் அடுத்த வீட்டுக்காரி, முழுகாமல் இருக்கிறாள். விரல் நுனியெல்லாம் ரத்தம். "ஏனுங்கக்கா, இது புல்லுங்களா, இல்ல யாராச்சும் வெச்ச செய்வினைங்களா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். சிரித்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

20-3-1984

விதைத்தது அத்தனையும் அழுகிவிட்டது. நம் செம்மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ராத்திரிக் குளிர் வேறு. மணலையும் வெயிலையும் பார்த்து வளர்ந்த விதைக்கு இது ஆகுமா?

மேனேஜர் தேவசிகாமணி துரை வந்தார். பாத்தியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "முளைக்கலைன்னா முளைக்கலைன்னு சொல்லிரு கமலா. நாம சும்மா இருந்தோம்னு பேர் வரக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானா? ஒரு பொம்பளை மண்ணுக்குள்ளே போனது உனக்கு அவ்வளவுதானா? வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

முளைக்க வைத்துக் காட்டுகிறேன். அவர் முகத்துக்கு நேரே.

4-4-1984

சேலத்திலிருந்து உரம் ஏற்றி வந்த லாரிக்காரரிடம் கெஞ்சி ஆற்று மணல் வரவழைத்தேன். காபி காயப்போடும் களம் இப்போது சும்மாதான் கிடக்கிறது. சிமெண்டுத் தரை பகல் சூட்டை விடாது. அதன்மேல் செங்கல் அடுக்கி, மணல் கொட்டி, ஊற வைத்த விதையைத் தூவி, ராத்திரிக்குச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மூக்கன் வந்து பார்த்துவிட்டு, "என்னைய ஒரு நாளாச்சும் இப்படிப் போத்தி விட்டிருக்கறியா?" என்கிறார். கேலி செய்யட்டும்.

27-4-1984

முளைத்துவிட்டது.

6-5-1984

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு லைன் முழுக்கக் கிளம்பிப் போனது. அம்மாசி மாமா மட்டும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், நாற்றுக்கெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டுக் களத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். "இது அப்பவே இருந்திருந்தா காவேரி இருந்திருப்பாளா கண்ணு?" என்று கேட்டார்.

"இருந்திருப்பாங்க மாமா" என்றேன். தெரிந்து சொன்னேனா? அந்த முகத்துக்கு வேறு பதில் என் வாயில் வரவில்லை.

11-7-1984

சாரல் பிடித்த பிறகு நட ஆரம்பித்தோம். சரிவில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு நட்டோம். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கை மணல். மேனேஜர் பங்களாவிலிருந்து பார்த்தால் நாங்கள் குரங்கு மாதிரி தெரிந்திருப்போம். அவர் பங்களா பாறைமேல் இருக்கிறது.

3-12-1984

பாதிக்கு மேல் செத்துவிட்டது. மிச்சம் இருப்பது இருக்கிறது. இந்த மழைக்கு மண் கொஞ்சம்தான் சரிந்தது, வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. புல்லாலா, மழை குறைவாலா? எல்லாரும் புல்லால் என்கிறார்கள். லூர்துசெல்வி பிள்ளையைத் தூக்கி வந்து அந்தச் செடிகளைக் காட்டினாளாம்.

15-3-1985

வெயிலுக்கு ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, இது மட்டும் கொடி விட்டு ஓடுகிறது. கணுவுக்குக் கணு வேர். இலை நுனி ஊசி. ஆடு கிட்டவே வருவதில்லை. அம்மாசி மாமா ஒரு வேளை விடாமல் தண்ணீர் சுமக்கிறார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு திமிர்தான்.

22-6-1985

சரிவு முழுக்கப் பச்சை! நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்காரர்கள் கார் போட்டு வந்து பார்த்தார்கள். துரை என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "இதுதான் கமலா புல்" என்று சிரித்தார். போட்டோ வேறு.

அவர்கள் போன பிறகு கேட்டேன்: "லைனை மேட்டுக்கு மாத்தறது எப்பங்க தொரை?"

"இனி எதுக்கு? நீயே கட்டிப் போட்டுட்டியே!"

நடந்து வரும் வழியெல்லாம் காது கொதித்தது. அடிப்பாவி கமலா, உனக்குப் புத்தி எங்கே போனது? முளைக்காமல் போயிருந்தால் இன்னும் கேட்டுக்கொண்டாவது இருந்திருப்போம். முளைக்க வைத்து, வளர்த்து, எல்லார் வாயையும் நானே அடைத்திருக்கிறேன். ஆறேழு மாதமாக லைனில் ஒருத்தர்கூட மேட்டு நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. என்னைத் தவிர.

14-10-1985

முதல் மழை விட்டதும் கொடியை ஒழுங்கு செய்யச் சரிவின் உச்சிக்கு ஏறினேன். கால் வைத்த இடம் உள்ளே போனது. கொடியை விலக்கினால் வெடிப்பு. முழங்கை வரைக்கும் கை போகிறது. அடி தெரியவில்லை. சரிவுக்குக் குறுக்கே ஓடுகிறது, எட்டு வீட்டுக்கும் மேலே.

கொடியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். பாய் சுருட்டுவது போல மேலோடு வந்துவிட்டது. மணலில் ஆழமாக இறங்கும் வேர், நம் இறுகின மண்ணில் விரல் நீளம்கூட இறங்கவில்லை. இத்தனை நாள் இது மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வெடிப்பை மூடி வைத்துக்கொண்டிருந்தது.

உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை.

15-10-1985

துரை: "மண்ணைப் போட்டு மூடச் சொல்லு."

அவ்வளவுதான். ஏறிப் பார்க்கவில்லை. ரைட்டர் என் பின்னாலேயே வந்து, "நீங்க சொல்றது வாஸ்தவமுங்க, ஆனா நான் பேசினா என்ற வேலை போயிருமுங்க" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனுஷன். அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

17-10-1985

குழாயடியில் எல்லாரிடமும் சொன்னேன். மழை வலுப்பதற்குள் காபி ஸ்டோருக்குப் போய்விடலாம், பழம் பறிக்கும் வரை அது காலிதான் என்று. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. "போன வருசம் நின்னுச்சில்லீங்கக்கா" என்கிறாள் லூர்துசெல்வி. மூக்கன்கூட, "நீதான நட்ட, நீயே நம்பலைன்னா எப்படி?" என்று கேட்கிறார். மேலே வந்து வெடிப்பைப் பாருங்கள் என்றால், கோவணத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏற யாருக்கும் நேரமில்லை.

அம்மாசி மாமாவுக்குத்தான் கோபம் தாங்கவில்லை. "நொம்பப் பேசாத கமலா. அந்தப் புல்லு நிக்குது, நாம இருக்கறோம். அதைக் கண்ணு வெக்காத."

6-11-1985

மூன்று நாளாக விடாத மழை.

7-11-1985

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன். உச்சியிலிருந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தேன். பிடுங்கிப் பிடுங்கிக் கீழே எறிந்தேன். கொத்துக் கொத்தாக லைன் வாசலில் போய் விழுந்தது. இரண்டு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தது. ஊசி குத்திக் கை கிழிந்தது, நிறுத்தவில்லை. துரையைத் திட்டினேன், முதலாளியைத் திட்டினேன், கடலைத் திட்டினேன். சாமியைக்கூட விடவில்லை.

கீழே கூச்சல். "அக்காளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!" எல்லாரும் என்னைத் தடுக்க ஓடி வந்தார்கள். அதுதானே எனக்கு வேண்டும்? கூப்பிட்டபோது வராதவர்கள், புல்லைப் பிடுங்கினால் வருகிறார்கள். அம்மாசி மாமா முதலில் வந்தார், என் தலைமுடியைப் பிடித்துவிட்டார். "பாவி, என்ற காவேரிக்கு வெச்ச புல்லுடி!" என்று கத்தினார். நான் கத்தவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து வெடிப்புக்குள் விட்டேன். தோள் வரைக்கும் போனது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

லூர்துசெல்விதான் முதலில் இறங்கி ஓடினாள், தொட்டிலை அவிழ்க்க.

மதியத்துக்குள் எட்டு வீடும் காபி ஸ்டோரில். பூட்டை மூக்கன் உடைத்தார். அம்மாசி மாமா வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான்கு பேர் தூக்கி வந்தார்கள். துரை ஜீப்பில் வந்து, எஸ்டேட் சொத்தை நாசம் செய்தாயா, நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம் என்றார். "சரிங்க" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு கோபத்தோடு நான் சரி சொன்னதே இல்லை.

8-11-1985

மழை. சரிவு நிற்கிறது. ஸ்டோரில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

9-11-1985

இன்னும் நிற்கிறது. திரும்பிப் போகலாமா என்று இரண்டு பேர் பேசுவது காதில் விழுந்தது. போனால் காலை உடைப்பேன் என்றேன்.

10-11-1985

காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். லைன் இருந்த இடத்தில் லைன் இல்லை. மண், ஓடு, அதன்மேல் பச்சையாக அந்தப் புல்.

1-12-1985

பறிப்பு தொடங்கிவிட்டது. பழத்தைக் கொட்ட ஸ்டோர் வேண்டும், ஸ்டோரில் நாங்கள் இருக்கிறோம். துரைக்கு வேறு வழியில்லை. மேட்டுச் சமதரையில் காபியைப் பிடுங்கி இடம் அளக்கிறார்கள். எங்களுக்காக இல்லை, காபிக்காக. இருக்கட்டும்.

என்னை வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. அது போகட்டும், லைன்காரர்களே சொல்கிறார்கள் - கமலா புல்லைப் பிடுங்கியதால்தான் தண்ணீர் உள்ளே இறங்கி மலை விழுந்ததாம். முதலில் துரை சொன்னார். இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சாமான் போச்சு, ஊடு போச்சு, எல்லாம் இவளால என்று லூர்துசெல்வி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் காது கேட்கவே சொன்னாள். அம்மாசி மாமா என்னைப் பார்த்தால் துப்புகிறார்.

முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. அப்புறம் குழாயடி வரிசையில் நின்று ஒவ்வொருத்தர் முகமாக எண்ணிப் பார்த்தேன். எட்டு வீடும் என்னைத் திட்டுகிறது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.