பெயர் எழுதிய சிடி

குலசேகரம்,
9.10.2009

அன்பு மகள் பெபிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீ அங்கே சவுதியில், தம்மாமில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சுகமாக இருப்போம். இங்கே மழை விடவில்லை, ரப்பர் பால் வெட்டு இல்லை, அப்பா வீட்டிலேயே இருந்து என் சமையலுக்குக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நர்ஸ் பரீட்சைக்கு நீ எழுதி வைத்த நோட்ஸ் எல்லாம் லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டது, வைரஸ் வந்து அது திறக்கவே மாட்டேன் என்கிறது, இனிப் பரீட்சைக்கே போகப் போவதில்லை என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மறுநாளே பஸ் பிடித்து மார்த்தாண்டம் போனேன். உன்கூடப் படித்த பிரைட்டன் அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறானே, அவனிடம் சொன்னேன். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம், காசே கொடுக்க வேண்டாமாம், நெட்டிலிருந்து இறக்கி சிடியில் எழுதிப் போட்டால் லேப்டாப் அதிலிருந்தே திறக்குமாம், உள்ளே இருப்பதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாமாம். அப்பாவிடம் சொன்னால், “ஓசில கிட்டுறதுல என்னவாவது ஏடாகூடம் இருக்கும், பாத்துக்க” என்கிறார். உலகத்தில் எத்தனையோ பேர் சேர்ந்து செய்து எல்லோருக்கும் கொடுக்கிறார்களாம், உமக்கென்ன என்று கேட்டேன்.

அதை இறக்க ஒரு பகல் முழுவதும் ஆனது. சிடியில் எழுதுகிற பட்டனை நான்தான் அமுக்கினேன், தெரியுமா? வெளியே வந்தபோது கையில் சூடாக இருந்தது. லீவுக்கு வந்த ராஜமணி ஞாயிற்றுக்கிழமை தம்மாமுக்குத் திரும்பிப் போகிறான், அவனிடம்தான் கொடுத்துவிடுகிறேன், அவன் பெட்டியில் நாலு வீட்டுப் பொதி இருக்கும், மாறிவிடக் கூடாதே என்று சிப்ஸ் பாக்கெட்டில் எழுதுகிற மாதிரி மார்க்கரால் கொட்டை எழுத்தில் உன் பெயரை எழுதினேன், பளபளப்பான பக்கத்தில். பிரைட்டன் தலையில் கைவைத்துவிட்டான். “ஐயோ ஆன்ட்டி, மெசினு படிக்கியது இந்தப் பக்கத்தத்தான்” என்றான். போட்டுப் பார்த்தான், ஓடவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்று எழுதி, ஓட்டிப் பார்த்தும் தந்தான்.

அதைப் புது நைட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன், சிப்ஸ் எண்ணெய் படாது. கவனமாகக் கேள், திறந்ததும் சும்மா ஓட்டிப் பார்க்கவா, உள்ளே நிறுவவா என்று கேட்குமாம். நிறுவுவதை இப்போது தொடாதே, உள்ளே இருப்பது அழிந்துபோகும், முதலில் நோட்ஸை எடு. உன் அறையில் கூட இருக்கிற பெண்ணுக்கும் ஒன்று எழுதிக் கொடு, அது திருட்டு இல்லையாம்.

பரீட்சையை எழுது மக்களே. தோற்றால் வீட்டுக்கு வா, இங்கே யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், நான் விடமாட்டேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கெட்டுப்போன சிடியை எறிய மனம் வரவில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். காலையில் ஜெபிக்க நின்றால் அதில் என் முகம் தெரிகிறது, முகத்தின் குறுக்கே உன் பெயர் இருக்கிறது.

மாதா உன் கூடவே இருக்கட்டும். நோட்ஸ் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, எனக்கு அது போதும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா இசபெல்