சிர்ரஸ் என்றால் சுருள்முடி

அத்தான், கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நீங்கள் என் அத்தான்தான்.

நேற்று உங்கள் வருஷ நினைவு ஜெபக்கூட்டம், ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலேயே வைத்தோம். நம் பையனுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை; ஜெபம் முடியும் நேரத்துக்கு ஓடி வந்தான். விமான நிலையத்தோடு உங்கள் வானிலை ஆபீஸும் ஷம்சாபாத்துக்குப் போய்விட்டது. அவ்வளவு தூரத்திலிருந்தும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

அதில் உங்களிடம் வேலை பழகிய சித்தூர்ப் பெண் பத்மஜா எழுந்து பேசினாள். "சார்தான் மேகம் பார்க்கக் கத்துக்கொடுத்தார். ரொம்ப உயரத்துல இழை இழையா போறது சிர்ரஸ். லத்தீன்ல சுருள்முடினு அர்த்தம், இங்கிலாந்துல ஒரு மருந்து வியாபாரி வச்ச பேருனு சொல்வார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில், மொட்டைமாடியில் என் நெற்றிச் சுருளை இழுத்துவிட்டு இதைத்தானே சொன்னீர்கள்? எனக்காகக் கட்டிவிட்ட கதை என்று நினைத்து, சொந்த அக்காவிடம்கூடச் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தேன். பார்த்தால் அது ஆபீஸ் பாடம்! போதாக்குறைக்கு பத்மஜாவுக்கும் சுருட்டை முடி. வயிறு எரிந்தது அத்தான். டீயோடு கேக் கொடுக்கும்போது அவளுக்கு மட்டும் சின்னத் துண்டாக வைத்தேன்.

அப்புறமும் பொறுக்காமல் அவளை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். "உனக்கு சார் அதை எப்படிச் சொன்னாவ?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஆண்ட்டி. 'கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வாங்க, எங்க வீட்டம்மா நெத்தியைப் பாருங்க, அப்புறம் மறக்காது'ம்பார். வந்து பார்த்தா நீங்க ஒட்ட எண்ணெய் வச்சு வாரியிருப்பீங்க!"

வருஷா வருஷம் அந்தப் பிள்ளைகள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையையே பார்த்தது இதற்குத்தானா? முடி கலைந்திருக்கிறதோ என்று உள்ளே ஓடி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் அப்பிக்கொண்டு வருவேனே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

இப்போது எண்ணெயும் இல்லை, சாயமும் இல்லை. நீங்கள் போனபின் இரண்டையும் விட்டுவிட்டேன். பத்மஜா என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பதான் ஆண்ட்டி சரியான சிர்ரஸ். வெள்ளையா இருக்கு."

நீங்கள் பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள். அவள் சுருட்டை முடியைக்கூட மன்னித்துவிடுவேன். இதை எப்படி மன்னிப்பது?

என்னை உங்களிடம் அனுப்பும் நாளில் யார் தலைவாரிவிட வந்தாலும் இந்த நெற்றிச் சுருளை மட்டும் தொட விடமாட்டேன். வெள்ளையாக, கலைந்தது கலைந்தபடியே கொண்டுவருகிறேன். அதுவரை அங்கே யாருக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

உங்கள் வீட்டம்மா,
கிரேஸ்