அண்ணன் கேட்ட மருந்து

ஆடி முதல் வெள்ளி, இலத்தூர்.

லீவுக்கு வந்த இடத்தில், சாயங்காலம் பெங்களூரிலிருந்து மேலாளர் போன் செய்தார். ரத்தப் புற்றுநோய் செல்களை வளரத் தூண்டும் புரதத்தைத் தடுக்க எங்கள் ஆய்வகம் உருவாக்கிய மருந்தைக் கம்பெனி கைவிட்டுவிட்டதாம். எலிகளில் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் இந்த வகை நோயாளிகள் குறைவு, லாபம் வராதாம்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தால் அண்ணன் தோசைத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அதே நோய்தான்.

“ஏட்டி, ஒன் மருந்து எப்ப வரும்? இப்ப குடுக்குதது கேக்கலன்னு டாக்டர் சொல்லுதாரு.”

“சோதனை நடக்குதுண்ணே. வந்துரும்” என்றேன்.

“எந்தங்கச்சி செய்யுத மருந்துல்லா!” என்று அம்மாவிடம் சிரித்தான். பல நாளாகச் சோற்றைத் தொடாதவன், இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.