ஐந்நூறாம் எண் அம்பு

கிரின்ஸ்டெட், டென்மார்க்,
02.09.2025

அன்புள்ள அந்தோனிதாசன் அண்ணாவுக்கு,

தங்கை விமலராணி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை, கோபமாக இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கோப்பி ஊற்றப் போய்விடுவீர்கள். இது அண்ணியின் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் கடிதம். தனியாக இருந்து வாசியுங்கள்.

வில்லால் வேட்டையாட அனுமதி தரும் சோதனையில் நான் தவறியது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருந்தீர்களா? ஹேர்னிங் கோயிலில் பெருநாள் பூசை முடிந்து எல்லாரும் நின்ற இடத்தில், "பொம்பிளையளுக்கு உது சரிவராது, அவளின்ரை கை நடுங்குது" என்று சொல்லிச் சிரித்தீர்களாம். கிளோறியா அண்ணிதான் மனம் பொறுக்காமல் சொன்னார். என் கையா நடுங்குகிறது? பன்னிரண்டு வருடமாக இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கிற கை அண்ணா இது!

நடந்ததைக் கேளுங்கள். அதுவரை பழைய அம்புகளால்தான் பழகினேன். நீங்கள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த அம்புகளை, பெருநாளுக்குப் புதுச்சட்டை எடுத்து வைப்பது போல, பெட்டி திறக்காமல் சோதனை நாளுக்கென்று வைத்திருந்தேன். அது என் மடத்தனம். முதல் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போய் குறியாக வைத்திருந்த இறப்பர் மானின் பின்காலில் குத்தியது. இரண்டாவது மானையே தாண்டிப் புல்லுக்குள் போனது. மூன்றாவதை எடுக்கும்போது சோதனையாளர் நிறுத்தச் சொல்லி ஓடிவந்தார். அம்பை வாங்கி அதில் இருந்த எண்ணைப் பார்த்தார். ஐந்நூறு.

எண் கூடக்கூட அம்பு அதிகம் வளையும், குறையக் குறைய விறைப்பு என்று எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். என் வில்லின் இழுவைப் பலம் அறுபது றாத்தல், இவர்கள் சொல்வதில் பவுண்ட். அதற்கு முந்நூற்று நாற்பதாம் எண் வேண்டும். ஐந்நூறு, நாற்பத்தைந்து றாத்தல் வில்லுக்கானது. வளைகிற அம்பைப் பலமான வில்லில் வைத்தால் விடும்போதே முறியலாம், முறிந்தால் காபன் சிராய் இடது கைக்குள் ஏறும் என்று அந்த மனிதர் எல்லோருக்கும் முன்னால் எனக்குப் பாடம் எடுத்தார். அம்பைத் தெரிவு செய்தது யார் என்றும் கேட்டார். நானே என்று சொன்னேன். உங்களைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அண்ணன் தந்ததை எண் பார்த்தா வாங்குவார்கள்? நான் பார்க்கவில்லை.

மாற்றித் தருவார்களா என்று கடைக்குப் போன் எடுத்தேன். அன்று நீங்கள் நம் இருவருக்கும் அம்பு வாங்கிய கணக்கைக் கடைக்காரர் கணினியில் பார்த்து வாசித்தார். அந்தோனிதாசன், அறுபது றாத்தல். விமலராணி, நாற்பத்தைந்து றாத்தல். நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறார். இருவரின் கணக்கையும் மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள்! இனி வாழ்நாளில் காணப்போகாத ஒரு டென்மார்க்காரருக்கு முன்னால், தங்கச்சியின் வில் உங்களுடையதைவிடப் பலம் என்று சொல்ல அவ்வளவு வெட்கமா? அந்த வெட்கம் என் கையைத் துளைத்திருக்கும் அண்ணா.

ஜூலையில் நீங்கள் வந்தபோது உங்கள் வில்லை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன். ஆணிகளைத் தளர்த்தி இழுவையை நாற்பத்தைந்துக்கு இறக்கியிருந்தீர்கள். கோப்பையைக்கூட இடது கையால் எடுத்தீர்கள். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது, அண்ணிக்கும் சொல்லவில்லை, அப்படித்தானே?

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் நேற்று வேலையில் நின்று யோசித்தேன். என் பெட்டியில் உங்கள் அம்புகள் இருந்தால், உங்கள் பெட்டியில் என் அம்புகள் இருக்கின்றன. அந்த விறைத்த அம்புகள் உங்கள் வில்லில் நேரே போயிருக்காது. இரண்டு மாதமாக நீங்கள் எய்வதொன்றும் குறியில் படுவதில்லை, வில்லை விற்க இணையத்தில் போட்டுவிட்டீர்கள் என்று அண்ணி சொன்னார். இனி ஏலாது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் போல. அது தோளின் குற்றம் இல்லை அண்ணா, அம்பின் குற்றம்.

மறுசோதனை இருபதாம் திகதி சனிக்கிழமை. அதிலும் தவறினால் இந்த வருட வேட்டை எனக்கு இல்லை. அதற்கு முந்திய சனிக்கிழமை உங்கள் வில்லோடும் அம்புப் பெட்டியோடும் இங்கே வாருங்கள், அம்புகளை மாற்றிக்கொள்வோம். நீளம் பிரச்சினை இல்லை, இருவருக்கும் அப்பாவின் நீட்டுக் கைதான். ஆட்கள் வருமுன் காலையிலேயே வில் பழகும் திடலுக்குப் போய்விடுவோம். தோளைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கமாட்டேன். டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஹேர்னிங்கில் என் கையைப் பற்றிச் சொன்னதை அதே ஆட்களுக்கு முன்னால் திருத்திச் சொல்லவேண்டும். அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும். இங்கே வந்து சரியான அம்பால் எய்து பார்க்கும்வரை அந்த வில்லை ஒருவருக்கும் விற்றுப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
கோபம் தீராத தங்கை,
விமலராணி