மூன்று நாள் உபசாரம்

ஸ்ரீராமஜெயம்

ராஸ் அல் கைமா
2.4.2007, திங்கள்கிழமை

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு, ஷியாமளா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஷ்ருதியும் சௌக்கியம். அங்கே குளிர் உங்களைப் படுத்தாமல் இருக்க ஆண்டாள் தாயாரை வேண்டிக்கொள்கிறேன்.

பதினாலு வருஷத்தில் கடிதமே எழுதாதவள் இப்போது ஃபேக்ஸில் நாலு பக்கம் அனுப்புகிறாளே என்று பயந்துவிட வேண்டாம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தபாலில் போட்டால் பத்து நாள் ஆகும். புது மெஷின் சரி என்று நீங்கள் பேப்பரில் கையெழுத்துப் போடுவது வரும் வியாழக்கிழமை. போனில் சொல்லலாம் என்றால் நேற்றும் முந்தாநாளும் நீங்கள் “ஆமா, ஆமா, சரி, அப்புறம் பேசறேன்” என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் மெஷின் விற்கிற அந்த ஜப்பான்காரர் மொரிதா சிரிப்பது எனக்குக் கேட்டது. தமிழ் அவருக்கு என்ன புரியும் என்பீர்கள். குரல் புரியும். இந்தக் காகிதத்தை ஹோட்டல்காரர்கள் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஓர் எழுத்து விளங்காது. ஃபேக்ஸ் அனுப்பித் தரும் டைப்பிங் சென்டர் மலையாளியிடம்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. நேற்றே போய்த் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். “சினிமா போஸ்டர் மாத்திரம் வாயிக்கும் சேச்சி” என்றார். என் கையெழுத்து அத்தனை பெரிசு இல்லை.

ஷ்ருதிக்கு நேற்று ஸ்கூல் திறந்துவிட்டது. எட்டாவது. புத்தக லிஸ்ட் போன வருஷத்தைவிட நீளம். நாம் இல்லாத நாட்களில் மாடி வீட்டுக் கல்யாணசுந்தரம் அண்ணன் வீட்டில் ராஜபோகமாக இருந்திருக்கிறாள். தினமும் நூடுல்ஸ். ஹால் ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும். அதில் நான் எதையெல்லாம் பார்த்தேன் என்பது தெரியாது.

நாம் போய்ச் சேர்ந்த மறுநாள் டைல்ஸ் மண்ணை அழுத்தும் அந்தப் பெரிய பிரெஸ்ஸை ஓட்டிக் காட்டினார்கள். என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பச்சைத் தேநீர் கொடுத்தார்கள். அந்த மெஷினின் கேட்டலாக்கை நீங்கள் வீட்டு மேஜையில் வைத்திருந்தபோதே ஷ்ருதியின் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் என்றாலும் நின்ற இடத்திலேயே இருந்துவிடவில்லை. முன்பக்கம் ஒளி போய்க்கொண்டே இருக்கும், ஆள் கை அதைத் தாண்டினால் அந்த நொடியே மெஷின் தானாக நிற்கும் என்று அதில் போட்டிருந்தது. அதற்காகத்தான் நம் கம்பெனி அதை வாங்குகிறது.

கைக்குப் பதில் முள்ளங்கியை நீட்டினார்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தினம் முள்ளங்கி நறுக்குகிறவள், எண்ணாமல் இருப்பேனா? ஆறு. முதல் நாலும் முழுசாக வெளியே வந்தன. ஐந்தாவது சப்பையாகி, சாறு வடிந்தபடி வந்தது. ஆறாவது முழுசு. எல்லோரும் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள். ஒருவர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். அப்போது நீங்கள் மெஷினைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பினீர்கள். நான் பார்த்தேனா என்று பார்த்தீர்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே மொரிதா வந்து, மெஷினைச் சரிசெய்ய நாலைந்து நாள் பிடிக்கும், அதற்குள் உங்கள் இருவருக்கு மட்டும் ஹாகி பக்கம் மூன்று நாள் சுற்றுலா, கூட்டமில்லாத ஊர்கள், பழைய வீடுகள், கோயில்கள், எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்தது என்றார். முன்கூட்டியே என்றால் எப்போது? மெஷின் ஒரு தடவை நிற்காது என்பதும் முன்கூட்டியே தெரியுமா? அன்று ராத்திரி உங்களிடம் கேட்டேன். “உனக்கு எதுலதான் சந்தேகம் இல்லை, பேசாம ஊரைப் பாரு” என்றீர்கள்.

ஊரைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹாகியில் வெள்ளை மதில்களுக்கு மேலே ஆரஞ்சுப் பழங்கள் எட்டிப் பார்த்தன. பறிக்க ஆளில்லாத தெருக்கள். த்சுவானோ ஊரில் சாலையோரச் சாக்கடையில் தெளிந்த தண்ணீர், அதில் தொடை பருமனில் சிவப்பு மீன்கள். மலைமேல் கோயிலுக்குப் போகும் படி முழுக்கச் சிவப்புத் தோரண வாசல்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றின் பின்பக்கமும் கொடுத்தவர் பெயர் எழுதியிருந்தது. நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற மாதிரிதான். மொரிதா தன் கம்பெனி வாசலைத் தட்டிக் காட்டினார். எந்த ஊர் சாமியானாலும் சாமிதானே என்று அங்கே நின்று கும்பிட்டேன். வேண்டிக்கொண்டது என்ன என்று அப்போது நீங்கள் கேட்கவில்லை.

ஆனால் அந்த உபசாரம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நமக்கென்று தனிக் கார், வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர், வழிகாட்ட ஒரு பெண். தெளிந்த தண்ணீர் மாதிரி ஒரு சூப் வைத்தார்கள், வாசனை மட்டும் மண்டபம் ஊர்க் கருவாட்டுக் கொட்டகை. கேட்டதற்கு அந்தப் பெண், மீன் இல்லை, மீனின் ருசி மட்டும்தான் என்றாள். பிறகு எனக்குச் சோறும் நான் கொண்டுபோன பருப்புப் பொடியும்தான். அதுகூடப் பரவாயில்லை. ஒரு கடையில் மரச் சீப்பு ஒன்றை இரண்டு தடவை பார்த்தேன். ராத்திரி அறைக்குப் போனால் அது காகிதம் சுற்றித் தலையணை மேல் இருக்கிறது. மறுநாள் ஒரு பட்டுத் துணி, அதுவும் அப்படியே வந்தது. யாரோ என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் தரையைப் பார்த்தே நடந்தேன். கழுத்து வலியா என்று கேட்டீர்கள். அந்த மூன்று நாளில் நீங்கள் ஒரு தடவைகூடப் பர்ஸை வெளியே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்தக் குயவர் வீடு. குயவர் என்று நான் சொன்னதற்கு, அப்படிச் சொல்லாதே, பன்னிரண்டு தலைமுறையாகச் செய்கிறவர் என்று நீங்களே திருத்தினீர்கள். பெரியவர் தலையசைத்து உட்காரச் சொன்னார். அவர் மனைவி பாயில் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். நீங்கள் அதில் மண் நிறமாக, கோணலாக இருந்த ஒன்றை இரண்டு கையாலும் எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்து, தூங்குகிற பிள்ளையைக் கீழே விடுகிற மாதிரி வைத்தீர்கள். வைத்த பிறகு உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டீர்கள். மொரிதாவும் அதைப் பார்த்தார்.

நான் மட்டும் முதலில் விமானம் ஏறிய அன்று காலையில் மொரிதா வீட்டம்மா துணியில் முடிந்த ஒரு மரப்பெட்டியை என்னிடம் நீட்டினார். உங்களிடம் இல்லை, என்னிடம். நீங்கள்தான், “மண் கிண்ணம்தான், வாங்கிக்கோ. பொம்பளைக்குப் பொம்பளை கொடுக்கறதை வேண்டாம்னு சொல்லக் கூடாது” என்றீர்கள். கொடுப்பவர் எதிரில் பிரிக்கக் கூடாது என்பது அவர்களுக்கும் உண்டாம். நான் அதைத் தாம்பூலமாக நினைத்து, என் பையில் இருந்த ரவிக்கைத் துணி, கண்ணாடி வளையல், மஞ்சள் குங்குமம் எல்லாம் பதிலுக்குக் கொடுத்தேன். அந்த அம்மா வளையலைப் போட்டும் பார்த்தார். பிறகு நீங்கள் என்னைத் தனியாக அழைத்து, கைப்பையில் புடவைக்குள் சுற்றி வை, துபாயில் யாராவது கேட்டால் சாப்பிடுகிற கிண்ணம் என்று சொல் என்றீர்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் என்று தெரியாமலே சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன், குயவர் வீட்டில் நீங்கள் கவிழ்த்துப் பார்த்த அதே கோணல் கிண்ணம். சாமி பக்கத்தில் வைக்க அழகில்லை. பெட்டியில் கற்பூரமும் தசாங்கமும் போட்டேன். கிண்ணத்தில் ரசத்துக்குப் புளி ஊற வைத்தேன். அடியில் கசிந்து மேடையெல்லாம் ஈரம். இதைப் போய்ப் பரிசு என்று கொடுத்தார்களே என்று சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கல்யாணசுந்தரம் அண்ணன் ஷ்ருதி விட்டுவந்த பையைக் கொடுக்க வந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் படிப்பு படித்தவர், உங்கள் கம்பெனியிலேயே பூச்சுப் பிரிவைப் பார்க்கிறவர். சமையலறை வாசலில் நின்றவர், “ஐயையோ தங்கச்சி, இதுலயா புளி கரைக்கிற!” என்று உள்ளே பாய்ந்துவிட்டார். புளியை என் கையாலேயே எடுக்கச் சொன்னார். கவிழ்த்து முத்திரையைப் பார்த்தார். பெட்டி எங்கே என்றார். கற்பூரத்தைக் கொட்டிவிட்டு மூடியில் இருந்த எழுத்தையும் முத்திரையையும் ஒப்பிட்டார். “இதுக்கு நம்ம ஊர்ல ஒரு மாருதி கார் வாங்கலாம்மா. பெட்டியோட இருந்தா அதுக்கும் மேல. ரெங்கராஜ் சாருக்குத் தெரியாமயா...” என்று உங்கள் பெயரை எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். காபி வேண்டாம் என்றார். செருப்பை மாட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல், “நான் இதைப் பார்க்கலை தங்கச்சி” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். விலை சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. இந்த வார்த்தையில்தான் வந்தது.

அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை நம் வீட்டுப் பஜனைக்குத் தொழிலாளர் கேம்ப்பில் இருந்து பிரெஸ் ஆப்பரேட்டர் மாயாண்டி வந்திருந்தார். பழைய மெஷினில் இரண்டு விரல் போனவர். சுண்டலைக்கூட இடது கையில்தான் வாங்குகிறார். “அக்கா, புது மிஷினைப் பாத்தீகளா? கைய வச்சா டக்குனு நின்னுருமாம்ல?” என்று கேட்டார். நான் சுண்டல் பாத்திரத்தை நகர்த்தினேன். அவரே, “சார் பாத்து சரின்னுட்டாருன்னா அப்புறம் நமக்கு என்னக்கா பயம்? ஒத்தைக் கையாலயே ஓட்டிருவேன்” என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கிண்ணத்தை நாளைக் காலை கொரியரில் மொரிதா வீட்டம்மாவுக்கு அனுப்புகிறேன். சீப்பும் பட்டும் அதோடு போகின்றன. அனுப்புபவர் பெயர் என்னுடையது. என்னிடம் கொடுத்ததை நான் திருப்புகிறேன், அதனால் உங்கள் சம்மதம் கேட்கவில்லை. இங்கிலீஷில் நானே நாலு வரி எழுதினேன். உங்கள் பரிசு எங்கள் வீட்டுக்கு ரொம்பப் பெரியது, என் அறியாமையால் புளிக்கறை ஏறிவிட்டது, தேய்த்தும் போகவில்லை, செய்த பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று. நான் கொடுத்த வளையலை அவரே வைத்துக்கொள்ளட்டும். மொய் வரவு எழுதுகிற செய்முறை நோட்டில் இதை எழுதி, எதிரே “திரும்பியது” என்றும் எழுதிவிட்டேன்.

அந்தக் கிண்ணம் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். தெரியாது என்று நீங்கள் சொன்னால் நான் நம்பிவிடுவேன். அதுதான் எனக்குப் பயம். ஆகவே அதற்குப் பதில் வேண்டாம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வியாழக்கிழமை ஆறோடு விடாதீர்கள். அறுபது முள்ளங்கி வைக்கச் சொல்லுங்கள், சந்தையில் கிடைக்காமல் போகாது. ஒன்றுவிடாமல் முழுசாக வந்தால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று நசுங்கினாலும் நசுங்கியது என்று எழுதுங்கள். இவ்வளவு உபசாரம் செய்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட வேண்டும் என்பதற்குத்தான் உபசாரமே. இங்கே கம்பெனியில் அவசரப்படுத்துகிறவர்கள் கோபிக்கலாம், விசாவில்கூடக் கை வைக்கலாம். அதையும் யோசித்துவிட்டேன். ஊருக்கே திரும்ப வேண்டி வந்தால் ஷ்ருதிக்கு ஒரு வருஷம் படிப்பு குழம்பும். சாப்பாட்டு மேஜையை மாடி வீட்டு அண்ணி வாங்கிக்கொள்வார், அவர்களிடம் மேஜை இல்லை.

ஒருவேளை இந்தக் காகிதம் வருவதற்கு முன்பே நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அதை என்னிடம் மறைக்க வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பெரிய மேனேஜரிடம் போய் அந்த ஐந்தாவது முள்ளங்கியைச் சொல்லிவிடுவோம். தனியாகப் போகவேண்டாம். நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கூட வருகிறேன். கிண்ணத்தை எடுத்துவந்தது நான்தான் என்று நானே அவரிடம் சொல்கிறேன். உங்களைத் தலைகுனிந்து நிற்க விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஷ்ருதிக்கு இதில் எதுவும் தெரியாது. அப்பா சனிக்கிழமை வருவார் என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள்.

உங்கள் ஆயுசுக்கும் மானத்துக்கும் சேர்த்தே விளக்கேற்றுகிற,
ஷியாமளா