உன் ஊர்க் கணக்கில் ஒரு கட்டம் குறைகிறது

திண்டிவனம்
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு

அன்பு மகள் கலையரசிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளின் நலமும் அறிய ஆசை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நடுவில் புகுந்து வேணாம்மா வேணாம்மா என்கிறாய். கடிதத்தில் புக முடியாதல்லவா, அதனால்தான் மல்லாட்டையை வறுத்துத் தோல் ஊதி வெல்லத்தில் பிடித்த உருண்டைப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத்தான் உருண்டையைத் தொட வேண்டும்.

நீ தமிழில் அடித்து அனுப்பிய உன் ஊர் ஜனத்தொகைக் கணக்கை நாலு தரம் படித்தேன். இருபத்தாறு வருடமாக அங்கன்வாடியில் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணுகிறவள், கணக்கைக் காட்டினால் அடங்கிவிடுவாள் என்று நினைத்திருக்கிறாய், கெட்டிக்காரிதான். மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பேர், ஐந்து வயதுக்குக் கீழே நூற்றுக்கு ஆறு, அறுபத்தைந்து தாண்டியவர்கள் பதினைந்து, வெளிநாட்டில் பிறந்தவர்கள் ஒன்பது, ஆசியாக்காரர்கள் மூன்று. போன வருடம் இருந்த அதே வீட்டில் இருப்பவர்கள் எண்பத்து மூன்று பேராம், அப்படியென்றால் வீடு மாறிய பதினேழு பேரில் நீயும் ஒருத்தி. இதையெல்லாம் கூடவா அங்கே எழுதிக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி நான்கு பேர் என்று படித்ததும் அப்பா, "இன்னாமே, அந்தப் புள்ளி நாலு ஆளு யாரு, கையா காலா" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். என் சென்டரில் இருநூற்றுப் பதினாலு வீடு, எண்ணூற்று ஆறு பேர், வீட்டுக்கு மூன்றே முக்கால் வருகிறது. நம் முக்கால் ஆள் உங்கள் ஊர்ப் புள்ளி நாலைவிடக் கொஞ்சம் வளர்த்தி என்று சொன்னேன்.

இவ்வளவு பேர் சுற்றி இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, உனக்கு முட்டி வலி அம்மா, நீ வர வேண்டாம் என்று அந்தக் கணக்குக்குக் கீழே எழுதியிருந்தாய். எல்லாம் சரி, ஆனால் அதில் கர்ப்பிணிகள் எத்தனை என்ற கட்டமே இல்லையேடி. மேலிருந்து கீழே தேடினேன். என் நோட்டில் முதல் பக்கமே அதுதான். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பேரில் உனக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிற ஆள் யார் என்று எந்த வரியிலும் இல்லை.

உன் கணக்கு வந்த அதே வாரம்தான் என் சென்டர் கணக்கெடுப்பும். முடித்துக் கூட்டிப் பார்த்தால் எண்ணூற்று ஏழு வருகிறது. எந்த வீட்டில் ஆள் கூடியது என்று எனக்கே தெரியவில்லை, நோட்டை அப்படியே சூப்பர்வைசர் கவிதா மேடத்திடம் நீட்டிவிட்டேன். மேடம் சும்மா கையெழுத்துப் போடுகிறவர் இல்லை, கர்ப்பிணிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பவர். ஏழு வீடு சுற்றி முடித்தோம். "டீச்சர், எட்டாவது பேரு ஒண்ணு கீதே, இந்தப் பொண்ணு வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க" என்றார். நோட்டை வாங்கிப் பார்க்கிறேன், என் கையெழுத்திலேயே இருக்கிறது, கலையரசி, கணவர் அறிவுச்செல்வன், வயது இருபத்தொன்பது, முதல் கர்ப்பம் என்று. எப்போது எழுதினேன் என்று சத்தியமாகத் தெரியாது. இருபத்தாறு வருடத்தில் ஒரு தலையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ காட்டாதவள் நடுத்தெருவில் திருதிருவென்று நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இந்தப் பொண்ணு உங்க ஏரியா இல்ல டீச்சர், பேர அடிச்சிடுங்க. ஆனா வேற எந்த டீச்சர் நோட்லயும் இந்தப் பேரு இருக்காது, நீங்கதான் போய்ப் பாக்கணும்" என்றார். தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். லீவுக்கு எழுதித் தரச் சொன்னதும் அவர்தான்.

இனி சொல்லப்போவதற்கு மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாமல் அழைப்புக் கடிதமும் மற்ற காகிதங்களும் அனுப்பியது அவர்தான், நான்தான் அவர் வாயைக் கட்டி வைத்தேன். விசா கிடைக்காவிட்டால் உனக்கு வீண் ஏமாற்றம் வேண்டாமே என்றுதான். போன செவ்வாய்க்கிழமை அப்பாவும் நானும் சென்னையில் விசா ஆபீஸுக்குப் போனோம். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கிளம்பும்போது மனப்பாடம் செய்த பதில் எல்லாம் மறந்துபோய், "பேரப்புள்ளைக்குத் தண்ணி ஊத்துவேங்க" என்று மட்டும் சொன்னேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். கலை, எனக்கு விசா வந்துவிட்டது! வெளியே வந்து சொன்னதும் அப்பா வழியில் போன ஆளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கப் பார்த்தார். நான் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்றால், "நான் கேப்பைக் களி கிண்டித் துன்னுக்கினு கெடக்கிறேன், நீ ஜல்தி கெளம்புமே" என்கிறார். கொத்தனார் களி கிண்டினால் அதில் சுவர்தான் கட்டலாம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பார்கள், உன்னால் வர முடியவில்லை, போகட்டும். வரும் பதினான்காம் தேதி நான் ஏறுகிறேன். ஏர்போர்ட்டுக்கு நீ வராதே, மாப்பிள்ளை மட்டும் வரட்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, இதை என் சென்டர் பெண்களுக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மாதா உன்னையும் பிள்ளையையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்வாள், அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது.

எட்டாவது பெயரை அடித்துவிட்டேன், கணக்கு எண்ணூற்று ஆறுக்கே வந்துவிட்டது. ஆனால் என் வேலையில் நான் கற்றது ஒன்று உண்டு. எல்லாம் நல்லா இருக்கோம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற வீட்டுக்குத்தான் இரண்டாம் தரம் போக வேண்டும். நீயும் வேணாம்மா என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லு, நான் கதவைத் தட்டுவேன்.

உன் அம்மா,
ச. இருதயமேரி